அஞ்சு கிலோமீட்டர் நடக்குறேன், ஆனா பந்தியிலேர்ந்து எந்திரிக்க முடியல

குடமுருட்டிக்கரை · மே 4

எல்லாருக்கும் வணக்கம். பாபநாசம் பக்கம் நமக்கு ஊர். வயசு 67 முடிஞ்சு 68 நடக்குது. சுகர் கிடையாது, பிரஷருக்கு மட்டும் காலையில ஒரு மாத்திரை. ரிட்டயர் ஆன மறுநாள்லேர்ந்து ஆத்தங்கரை ரோட்டுல தினம் அஞ்சு கிலோமீட்டர் நடக்குறேன், அடை மழைன்னாதான் வீட்டுல இருப்பேன். அதனால உடம்பைப் பத்தி எனக்கு கவலையே இல்லாம இருந்துச்சு.

போன வாரம் குலதெய்வம் கோயில்ல படையல். வழக்கம்போல தரையில பந்தி. சம்மணம் போட்டு உட்கார்ந்தேன், நல்லா சாப்பிட்டேன், இலையை மூடிட்டு இடது கையை ஊணி எந்திரிக்கப் பாத்தா தொடை வர மாட்டேங்குது. வலி ஒண்ணும் இல்ல, அதான் எனக்கு இன்னும் புரியல, வலிச்சிருந்தா மூட்டு வலின்னு சொல்லிட்டுப் போயிடலாம். ரெண்டாவது தடவை பாதி எழும்பி திரும்ப அப்படியே உட்கார்ந்துட்டேன், கை இலை மேல பட்டு வேட்டியெல்லாம் ரசம். எதிர் வரிசையில பரிமாறிக்கிட்டு இருந்த தம்பி மகன் வாளியை கீழ வச்சிட்டு ஓடி வந்து அக்குள்ல கை குடுத்து தூக்கி விட்டான். "பாத்து பெரியப்பா"ன்னான், வேற ஒண்ணும் சொல்லல. எங்க அப்பாவுக்கு கடைசி காலத்துல நான் சொல்லிக்கிட்டு இருந்த வார்த்தை அது. அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல.

தினம் நடக்கிறவனுக்கு கால் பலம் எங்க போச்சு? இனிமே திரும்ப வருமா, இல்ல இதுதான் வயசா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.


ஹரித்ராநதி_பிடி · மே 4

ஐயா, மனசை விட்டுடாதீங்க. நான் மன்னார்குடி, பி.டி. வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவன், இப்ப 73. ஹரித்ராநதி 23 ஏக்கர் குளம், காலையில அதைச் சுத்தி நடக்கிறவங்கள பாத்துக்கிட்டேதான் இருக்கேன், அதுல பாதி பேர் நடந்து முடிச்சிட்டு உட்கார்ற இடத்துலேர்ந்து எந்திரிக்கும்போது முட்டியில கை ஊணிதான் எந்திரிக்கிறாங்க. நடை நெஞ்சுக்கும் ரத்த ஓட்டத்துக்கும் ரொம்ப நல்லது, அதை விடவே விடாதீங்க. ஆனா பலம் தனி சமாச்சாரம்.

நம்ம அப்பா அம்மா காலத்துல தொடைக்கு எவ்வளவு வேலை இருந்துச்சுன்னு எண்ணிப் பாருங்க. கொல்லையில குந்தி உட்கார்றது, கிணத்தடியில குந்தி துவைக்கிறது, தரையில சாப்பாடு, தரையில பாய், புள்ளையார் முன்னாடி தோப்புக்கரணம். ஒரு நாளைக்கு முப்பது நாப்பது தடவை தரைக்குப் போயி தரையிலேர்ந்து எந்திரிச்சாங்க, அதுக்கு யாரும் எக்சர்சைஸ்னு பேர் வைக்கல. நம்ம வீட்டுக்கு கட்டில் வந்துச்சு, டைனிங் டேபிள் வந்துச்சு, வெஸ்டர்ன் டாய்லெட் வந்துச்சு, எல்லாம் சவுகரியம்தான், ஆனா இருபது வருஷமா தொடை ஒன்றரை அடிக்கு கீழ இறங்குனதே இல்ல. இறங்காத கால் அன்னிக்கு மட்டும் எப்படி ஏறும்?

நம்ம கோவை நானம்மாள் அம்மாவை நினைச்சிக்குங்க. யோகா சொல்லிக்குடுத்துக்கிட்டே இருந்தாங்க, 2018ல பத்மஸ்ரீ வாங்கும்போது 98 வயசு, அடுத்த வருஷம் 99ல காலமானாங்க. வயசுன்னா சுருண்டு கிடக்கணும்னு எவன் எழுதி வச்சான்.


வெண்ணாறு_வடகரை · மே 4

இதெல்லாம் டவுன்காரங்க பிரச்சினைங்க. எனக்கு 61. ஒன்றரை வேலி, அதாவது பத்து ஏக்கர் நிலம், இன்னிக்கும் மம்முட்டி பிடிச்சி வரப்பு வெட்டுறேன், மதகு திறக்குறேன், உர மூட்டையை தோள்ல வச்சி களத்துமேட்டுக்கு கொண்டு போறேன். வயல் வேலை பாக்குறவனுக்கு தனியா எதுக்கு எக்சர்சைஸ்? எங்க அப்பாயி 88 வயசு வரைக்கும் நடவு வயல்ல நின்னுச்சு, எந்த ஜிம்முக்கும் போகல. உழைக்கிறத விட்டுட்டு பேசிக்கிட்டு இருந்தா உடம்பு கெடத்தான் செய்யும்.


வலங்கைமான்காரி · மே 5

வெண்ணாறு அண்ணே, உங்க அப்பாயி நல்லா இருந்தாங்க, சந்தோஷம். எங்கம்மா கதையையும் செத்த கேளுங்க. 12 வயசுல நாத்து பறிக்க இறங்குனாங்க, 58 வரைக்கும் நடவு. குனிஞ்ச முதுகு நிமிராம காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும், நாங்க வயித்துல இருக்கும்போதும் நட்டாங்க, பெத்து நாப்பது நாள்ல திரும்ப இறங்குனாங்க. முதல்ல அறுவடைக்கு மிஷின் வந்துச்சு, அப்புறம் நடவுக்கும் மிஷின் வந்துச்சு, எங்கம்மா வீட்டுல உட்கார்ந்தாங்க. ரெண்டே வருஷம். 60 வயசுல சுவத்தைப் பிடிச்சிக்கிட்டுதான் கொல்லைக்குப் போனாங்க. அந்த கையை இப்ப பிடிச்சி பாத்தாலும் வலது கட்டைவிரல் நகம் பக்கவாட்டுல தேஞ்சி போயி இருக்கும், சேத்துல நாத்தை அழுத்தி அழுத்தி வந்தது.

ஒரே அசைவை ஆயிரம் தடவை செய்யிறதால முதுகு தேஞ்சிச்சு, மத்த இடமெல்லாம் பலம் வரவே இல்ல. மதியம் பழைய சோறும் ஊறுகாயும்தான், தேஞ்சத கட்ட உடம்புக்கு எதுவும் கிடைக்கல. பயிற்சின்னா எவ்வளவு தூக்கணும், எப்ப நிறுத்தணும், எப்ப ஓய்வுன்னு நாம முடிவு பண்ணணும். நடவுல அதை முடிவு பண்றது கொத்து பிடிச்ச ஆள். வேலையும் பயிற்சியும் ஒண்ணுன்னு தயவுசெஞ்சி சொல்லாதீங்க, எங்க தெருவுல கூன் விழுந்த பொம்பளைங்க எல்லாருமே உழைச்சவங்கதான்.

குடமுருட்டி ஐயா, உங்க பதிவை ரெண்டு தடவை படிச்சேன். பதில் தெரிஞ்சவங்க சொல்லட்டும்னு நானும் காத்திருக்கேன், எனக்கு 55, எங்கம்மா மாதிரி ஆயிடக் கூடாதுன்னுதான் இங்க வந்து படிக்கிறதே.


நாகை_பிசியோ · மே 5

நாகப்பட்டினத்துல பிசியோதெரபிஸ்டா 14 வருஷமா வேலை பாக்குறேன். ஐயா கேட்ட கேள்வியை எங்க கிட்ட வர்ற பத்துல நாலு பேர் கேக்குறாங்க, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

தசையில ரெண்டு வகை நார் இருக்கு. மெதுவா, நேரம் போறதே தெரியாம வேலை செய்யிறது ஒண்ணு, சட்டுன்னு பலமா இழுக்கிறது இன்னொண்ணு. சமதரையில நடக்கிறதுக்கு முதல் வகையே போதும். தரையிலேர்ந்து எந்திரிக்க, பஸ் படி ஏற, தடுக்குனா விழாம காலை எட்டி ஊண, இதுக்கெல்லாம் ரெண்டாவது வகை வேணும், வயசானா அதிகமா சுருங்குறதும் இதுதான். அறுபதுக்கு மேல தசை மெல்ல குறைஞ்சிக்கிட்டே வரும், பலம் அதைவிட வேகமா குறையும். இந்த தசை இழப்புக்கு சார்கோபீனியான்னு 1989லதான் பேரே வச்சாங்க, அதுவரைக்கும் எல்லா ஊர்லயும் இதை வெறும் வயசுன்னுதான் விட்டாங்க. நீங்க பத்து வருஷமா நடந்து நெஞ்சைக் காப்பாத்திட்டீங்க, தொடையோட அந்த ரெண்டாவது வகைக்கு வேலையே குடுக்கல. பி.டி. ஐயா சொன்ன கட்டில், டேபிள் சங்கதி முழுக்க சரி.

இன்னொரு கேள்வி, கடந்த ஒரு வருஷத்துல காய்ச்சல், ஆபரேஷன்னு எப்பவாவது ஒரு வாரத்துக்கு மேல படுத்தீங்களா? அமெரிக்காவுல ஆரோக்கியமா இருந்த பெரியவங்க 12 பேரை பத்தே நாள் படுக்கையில வச்சி பாத்தாங்க, கால்ல மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை போயிடுச்சு. 25 வயசுல படுத்தா திரும்பி வந்துரும். 67ல தானா வராது, நாமதான் கொண்டு வரணும்.

திரும்ப வருமான்னு கேட்டீங்க, வரும். 1990ல பாஸ்டன்ல ஒரு முதியோர் இல்லத்துல 90 வயசு ஒட்டுன பத்து பேருக்கு எட்டு வாரம் தொடைக்கு எடை தூக்குற பயிற்சி குடுத்தாங்க. நோஞ்சான் உடம்பு, நிறைய பேருக்கு ஒண்ணுக்கு மேல வியாதி. பலம் சராசரியா 174 சதவீதம் கூடுச்சு, அதாவது இருந்ததைப் போல ரெண்டே முக்கால் மடங்கு. 1994ல அதே ஆளுங்க நூறு பேரை வச்சி திரும்ப செஞ்சாங்க, பயிற்சி செஞ்சவங்களுக்கு பலம் இரட்டிப்புக்கு மேல ஆச்சு, சத்து பானம் மட்டும் குடிச்சவங்களுக்கு ஒண்ணும் பெருசா ஆகல. நானம்மாள் அம்மா சின்ன வயசுலேர்ந்து செஞ்சவங்க, அவங்களை பாத்து நம்மால முடியுமான்னு தோணலாம். பாஸ்டன் பெரியவங்க 90ல ஆரம்பிச்சவங்க.

இப்ப ஒரு சோதனை செஞ்சி பாருங்க. கை வைக்காத மர நாற்காலியை சுவத்தோட ஒட்டி போடுங்க. கையை மார்புல குறுக்கா கட்டிக்கிட்டு 30 செகண்டுல எத்தனை தடவை முழுசா எந்திரிச்சி உட்கார முடியுதுன்னு யாரையாவது எண்ணச் சொல்லுங்க. உங்க வயசு ஆம்பளைக்கு 12க்கு கீழ, பொம்பளைக்கு 11க்கு கீழ போனா பலம் கம்மின்னு அர்த்தம், விழுற அபாயமும் ஜாஸ்தி. செஞ்சிட்டு சொல்லுங்க. தலை சுத்துனா உடனே நிறுத்திடணும்.


குடமுருட்டிக்கரை · மே 5

எட்டு. ஒன்பதாவதுல பாதியில நின்னுட்டேன், வீட்டுல அவங்கதான் எண்ணுனாங்க.

போன கார்த்திகையில டெங்கு வந்து 12 நாள் படுத்தேன்மா. நீங்க அதைக் கேட்டதும் திக்குன்னு ஆச்சு. காய்ச்சல் விட்டு மூணு வாரத்துல திரும்ப நடக்க ஆரம்பிச்சிட்டேன், அதோட சரியாப் போச்சுன்னு நினைச்சேன். போன கால் திரும்ப வரவே இல்லன்னு இப்பதான் தெரியுது. என்ன செய்யணும்னு சொல்லுங்க, செய்றேன்.


நாகை_பிசியோ · மே 6

எட்டுங்கிறது பயப்படுற எண் இல்ல, ஆரம்பிக்கிற எண். பிரஷர் மாத்திரை சாப்பிடுறதால முதல்ல பிரஷர் எவ்வளவுன்னு பாத்துக்குங்க, 180/110க்கு மேல இருந்தா கட்டுக்குள்ள வர்ற வரைக்கும் வேண்டாம். உங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க.

வாரத்துக்கு மூணு நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். அதே நாற்காலி, மேல ஒரு தலையணை போடுங்க, உயரம் கூடுனா எந்திரிக்கிறது சுலபம். ரெண்டு எண்ணிக்கையில எந்திரிங்க, நாலு எண்ணிக்கையில மெதுவா உட்காருங்க, தொப்புன்னு விழக் கூடாது, அந்த இறங்குற நாலு எண்ணிக்கைதான் தொடையைக் கட்டுது. எட்டு தடவை, ரெண்டு நிமிஷம் ஓய்வு, திரும்ப எட்டு. கடைசி ரெண்டு தடவை கஷ்டமா இருக்கணும், எட்டுமே சுலபமா வந்துச்சுன்னா தலையணையை எடுத்துடுங்க, அதுவும் சுலபமானா கையில எடை. மூச்சை மட்டும் அடக்காதீங்க, தம் கட்டுனா பிரஷர் குபுக்குன்னு ஏறும், எந்திரிக்கும்போது வாயால ஊதுங்க.

அடுத்தது சுவத்துல கை வச்சி தண்டால். அப்புறம் சமையல் மேடையைப் பிடிச்சிக்கிட்டு குதிகாலைத் தூக்கி இறக்குறது. அதே மேடைகிட்ட ஒரு காலுக்கு முன்னாடி இன்னொரு காலை வரிசையா வச்சி பத்து எண்ணுங்க, வந்துச்சுன்னா ஒத்தக்கால். நியூசிலாந்துல ஒடாகோன்னு ஒரு பயிற்சி முறை இருக்கு, வீட்டுலயே இந்த மாதிரி கால் பலமும் தடுமாறாம நிக்கிறதும் சேத்து செஞ்ச பெரியவங்க விழுறது மூணுல ஒரு பங்கு குறைஞ்சிருக்கு.

தரைக்கு இப்பவே போக வேண்டாம். ஆறு வாரம் கழிச்சி, பக்கத்துல நாற்காலி வச்சிக்கிட்டு முதல்ல ஒத்த முட்டி போடுறது, அங்கேர்ந்து எந்திரிக்கிறது, அப்புறம் ரெண்டு முட்டி, அப்புறம் ஒரு பக்கமா உட்கார்றது, இப்படி படிப்படியா.

வலங்கைமான் அக்கா, வெண்ணாறு அண்ணன் ரெண்டு பேருக்கும் சேத்து சொல்றேன். வேலை செய்ற உடம்பு உட்கார்ந்த உடம்பைவிட நல்லாதான் இருக்கும், அதுல சந்தேகம் இல்ல. ஆனா நடவு முதுகுகளை வாரத்துக்கு நாலு பாக்குறேன். உழைச்சவங்களுக்கும் இந்தப் பயிற்சி வேணும், சொல்லப் போனா அவங்களுக்குதான் ரொம்ப வேணும்.


ஆரூரான்_சிங்கப்பூர் · மே 7

வணக்கம். நான் சிங்கப்பூர்ல, அப்பா திருவாரூர்ல. அப்பாவுக்கு 76, சுகர் பதினெட்டு வருஷமா. கமலாலயத்தைச் சுத்தி காலையில நடப்பாரு, அந்தக் குளமே அஞ்சு வேலி, ரெண்டு சுத்து வந்தாலே நல்ல நடை. போன மாசி மாசம் வெறும் வயித்துல மாத்திரையைப் போட்டுட்டு நடந்தவரு மேலக்கரையில வேர்த்து ஊத்தி கை நடுங்கி உட்கார்ந்துட்டாரு, பூக்கார அம்மா ஒருத்தங்க பாத்துட்டு டீக்கடையிலேர்ந்து சர்க்கரையை வாங்கி வாயில போட்டுருக்காங்க. அவங்க இல்லன்னா என்ன ஆயிருக்குமோ. அதுலேர்ந்து நடக்கவே வேண்டாம்னு நானும் அக்காவும் சொல்லிட்டோம், அப்பாவும் வீட்டுலயே இருக்காரு, ஆனா மூணு மாசத்துல ஆள் பாதி ஆயிட்டாரு, மாடிப்படிக்கு கைப்பிடி இல்லாம ஏற மாட்டேங்கிறாரு. நாங்க செஞ்சது தப்போன்னு தினம் உறுத்துது. தூரத்துல உட்கார்ந்துக்கிட்டு பயத்துல எடுத்த முடிவு அது.


நாகை_பிசியோ · மே 7

தம்பி, பயந்ததுல தப்பே இல்ல, ஆனா நிறுத்த வேண்டியது வெறும் வயிறு, நடையை நிறுத்தியிருக்க வேண்டாம். கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை, இல்ல இன்சுலின், இது ரெண்டும் சாப்பாடு இருக்கோ இல்லையோ சுகரை இறக்கிடும், அது மேல நடையும் சேந்தா சறுக்கிடும். மெட்ஃபார்மின் மட்டும்னா இந்த ஆபத்து ரொம்ப கம்மி. அப்பா சீட்டை டாக்டர்கிட்ட காட்டி, நடக்கிற நேரம் இதுன்னு சொல்லி மாத்திரை நேரத்தை மாத்தச் சொல்லுங்க. நடக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு இட்லி, சட்டைப்பையில நாலு சர்க்கரை மிட்டாய், வீட்டு நம்பர் எழுதுன சீட்டு.

சுகர்காரங்களுக்கு கால்ல உணர்ச்சி குறைஞ்சிருக்கலாம், செருப்பில்லாம நடக்க விடாதீங்க, கோயில் பிரகாரத்துல மதிய வெயில்ல சுத்தி உள்ளங்கால் கொப்புளிச்சி வந்தவங்களுக்கு நான் கட்டு போட்டிருக்கேன், சூடு பட்டதே அவங்களுக்கு தெரியல. தசைதான் ரத்தத்துல இருக்கிற சர்க்கரையை அதிகமா எடுத்துக்கிற இடம், அதனால நாற்காலி பயிற்சி அப்பாவோட சுகருக்கும் மருந்து மாதிரி. அவரை கட்டாயம் திரும்ப வெளிய கொண்டு வாங்க. அக்கம்பக்கத்துல யாராவது சுத்தமா நடக்க முடியாதவங்க இருந்தா மக்களைத் தேடி மருத்துவத்துல பிசியோதெரபி வீட்டுக்கே வருது, 2021லேர்ந்து இருக்கு, ஆரம்ப சுகாதார நிலையத்துல கேட்டா போதும்.


மடத்துத்தெரு_கும்பகோணம் · மே 9

எனக்கு 63. சுத்த சைவம், முட்டை கூட கிடையாது. போன வருஷம் எலும்பு ஸ்கேன் எடுத்து டி ஸ்கோர் மைனஸ் 2.6, எலும்பு தேய்மானம்னு சொல்லிட்டா. அப்புறம் முட்டி வலிக்கு வேற ஒரு டாக்டர்கிட்ட போனேன், படி ஏறாதீங்கோ, தரையில உட்காராதீங்கோ, கனம் தூக்காதீங்கோன்னு ஒரே வரியில முடிச்சிட்டார். மாடி ரூமுக்கு போறதை நிறுத்தி ஒம்பது மாசம் ஆச்சு. இப்ப கோயில் படி நாலு ஏறினாலே கால் நடுங்கறது. 2028 மகாமகத்துக்கு குளத்துல இறங்கி ஸ்நானம் பண்ணணும்னு மனசுல இருக்கு, 2016ல மாமியார் கையைப் பிடிச்சிண்டு இறங்கினேன், இப்ப என் கையை யார் பிடிப்பான்னு யோசிக்க வேண்டியிருக்கு. எனக்கெல்லாம் எடை தூக்கற பயிற்சி சரிப்படுமா? பருப்பும் தயிரும் சாப்பிட்டா போதுமா?


நாகை_பிசியோ · மே 9

மாமி, முட்டி வீங்கி வலி உச்சத்துல இருக்கிற நாலு வாரத்துக்கு அந்த டாக்டர் சொன்னது சரி. ஆயுசு பூராவும் அப்படியே இருக்கச் சொன்னா தொடை கரைஞ்சி, முட்டி மேல பாரம் இன்னும் கூடும். மூட்டு தேய்மானத்துக்கு முதல் சிகிச்சையே தொடையை பலமாக்குறதுதான். பயிற்சி செய்யும்போது லேசா வலிச்சா பரவாயில்ல, மறுநாள் காலையில வீக்கமோ வலி கூடவோ இருந்தா எண்ணிக்கையைக் குறைங்க, நிறுத்தாதீங்க.

எலும்புக்கும் பாரம் குடுத்தாதான் அது நிக்கும். ஆஸ்திரேலியாவுல மாதவிடாய் நின்ன, எலும்பு பலம் குறைஞ்ச பெண்களுக்கு வாரம் ரெண்டு நாள், அரை மணி நேரம், எட்டு மாசம் கனமான எடை குடுத்து பாத்ததுல முதுகெலும்பு அடர்த்தி கூடியிருக்கு. அது ஆள் பக்கத்துல நின்னு பாத்து செஞ்சது, நீங்களா வீட்டுல அந்த மாதிரி கனம் எடுக்கக் கூடாது. நாற்காலி, சுவத்து தண்டால், ஒரு படி ஏறி இறங்குறது, இதுல ஆரம்பிங்க. முதுகை வளைச்சி குனிஞ்சி கால் விரலைத் தொடுற ஆசனம் மட்டும் உங்களுக்கு வேண்டாம், தேஞ்ச முதுகெலும்பு நொறுங்கலாம்.

சாப்பாடு: சாதாரணமா ஒரு கிலோ உடம்புக்கு 0.83 கிராம் புரதம்னு நம்ம நாட்டு கணக்கு, வயசானவங்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வரைக்கும் வேணும்னு இப்ப சொல்றாங்க. நீங்க 60 கிலோன்னு வச்சா 60லேர்ந்து 72 கிராம். காலையில இட்லி, மதியம் ரசம் சாதம், ராத்திரி தோசைன்னா அதுல பாதி வர்றதே கஷ்டம். அரை லிட்டர் பால் தயிர் சேத்து 16 கிராம், ஒரு கைப்பிடி வேர்க்கடலை 7, அம்பது கிராம் கொண்டைக்கடலை சுண்டல் 10, இப்படி கூட்டுங்க. சாம்பார்ல பருப்பு தெரியணும். அசைவக்காரங்களுக்கு ஒரு முட்டை 6 கிராம், நூறு கிராம் மீன் ஏறக்குறைய 20, எங்க நாகையில மத்தி மலிவா கிடைக்குது. ஆட்டுக்கால் சூப்பு தசை வளர்க்கும்னு நம்பிக்கிட்டு இருக்காங்க, அதுல இருக்கிற கொலாஜன்ங்கிற புரதம் அந்த வேலைக்கு ஆகாது. கிட்னி கோளாறு இருக்கிறவங்க மட்டும் டாக்டரைக் கேக்காம புரதத்தைக் கூட்ட வேண்டாம்.


வெண்ணாறு_வடகரை · மே 12

அந்த நாற்காலி சோதனையை நானும் செஞ்சி பாத்தேன், பதினாறு வந்துச்சு. அதுல குறை இல்ல. ஆனா ஒத்தக்கால்ல நின்னு பாத்தேன், இடது காலு பத்து எண்ணுறதுக்குள்ள நாலு தடவை ஊணிட்டேன். வரப்புல நடக்கிறவன் நான். ஒரே தோள்ல மூட்டை தூக்கி தூக்கி இடுப்பு ஒரு பக்கம் சாஞ்சிருக்குன்னு வீட்டுல சொல்லுவாங்க, நான் காதுல வாங்குனதில்ல. வலங்கைமான் தங்கச்சி, அன்னிக்கு நான் எழுதுனது உங்க அம்மாவை கொறைச்ச மாதிரி ஆயிடுச்சு, மன்னிச்சிக்கம்மா. எங்க அப்பாயி கூட கடைசியில நிமிர முடியாமதான் இருந்துச்சு, நின்னுச்சுங்கிறதை மட்டும் ஞாபகம் வச்சிருந்தேன்.


வலங்கைமான்காரி · ஜூன் 15

அண்ணே அதெல்லாம் ஒண்ணும் இல்ல.

ஒரு சேதி சொல்ல வந்தேன். எங்க தெருவுல ஆறு பொம்பளைங்க சாயங்காலம் அஞ்சு மணிக்கு எங்க வீட்டு திண்ணையில சேர்றோம். ஆம்பளைங்களுக்கு ஆத்தங்கரை, பார்க், கிரவுண்டு எல்லாம் இருக்கு, எங்களுக்கு நைட்டியோட வெளிய நின்னு கையைக் காலை ஆட்ட கூச்சம், அதனால திண்ணை. ஒரு லிட்டர் தண்ணி பாட்டில்ல காஞ்ச ஆத்து மணலை ரொப்பி மூடியில டேப் ஒட்டிட்டோம், தராசுல வச்சா ஒண்ணு ஒண்ணரை கிலோவுக்கு மேல நிக்குது. அதை ரெண்டு கையிலயும் பிடிச்சிக்கிட்டு திண்ணையிலேர்ந்து எந்திரிக்கிறது, திண்ணைப் படி ஏறி இறங்குறது. எங்கம்மா ஓரமா உட்கார்ந்து எண்ணுவாங்க. மூணாவது வாரத்துலேர்ந்து தூணைப் பிடிச்சிக்கிட்டு அவங்களும் எந்திரிக்கிறாங்க. முதல் நாள் ரெண்டு தடவை. நேத்து ஆறு. எங்கம்மாவுக்கு 77.


ஹரித்ராநதி_பிடி · ஜூன் 16

இதைப் படிச்சிட்டு கண்ணு கலங்கிடுச்சும்மா. அம்மாவுக்கு என் வணக்கத்தை சொல்லு.

கர்லாக்கட்டை பத்தி தனியா மூணு பேர் கேட்டிருந்தீங்க. நான் 64ல தோள் இறுகி சட்டை போட முடியாம இருந்தப்ப ஒன்றரை கிலோ கட்டையில திரும்ப ஆரம்பிச்சேன், இப்ப மூணு கிலோ. தோளுக்கும் கைப்பிடி பலத்துக்கும் அது மாதிரி வேற இல்ல. ஆனா படத்தை பாத்துட்டு அஞ்சு கிலோவை எடுத்து சுத்தாதீங்க, தோள் சவ்வு கிழிஞ்சா ஆறு மாசம் போயிடும். கத்துக்குடுக்கிற ஆள் பக்கத்துல இருக்கணும்.


ஆரூரான்_சிங்கப்பூர் · ஜூலை 2

மாத்திரை நேரத்தை மாத்தியாச்சு. அப்பா கமலாலயத்துக்கு திரும்ப போறாரு, ஒரு சுத்து. அந்தப் பூக்கார அம்மாகிட்ட தினம் ரெண்டு முழம் வாங்கிட்டு வர்றாராம்.


குடமுருட்டிக்கரை · ஆகஸ்ட் 4

மூணு மாசம் ஆச்சு, கணக்கு ஒப்படைக்கணும்ல.

தலையணையை அஞ்சாவது வாரம் எடுத்தேன். எட்டாவது வாரத்துல கையில பித்தளை சொம்பு நிறைய தண்ணி வச்சிக்கிட்டு எந்திரிச்சேன், சிந்தாம எந்திரிக்கணும்னு வீட்டுல அவங்க போட்ட கண்டிஷன். நடுவுல பத்து நாள் இடது முட்டி வீங்குச்சு, எண்ணிக்கையைக் குறைச்சேன், நீங்க சொன்ன மாதிரி நிறுத்தல. போன வாரம் எண்ணுனதுல பதிமூணு. நடையை நாலு கிலோமீட்டரா குறைச்சி அந்த நேரத்தை இதுக்கு குடுத்துட்டேன்.

நேத்து ஆடிப்பெருக்கு. ஆத்துல தண்ணி நல்லா போவுது. படித்துறையில கடைசி மூணு படி பாசி, தம்பி மகன் கை குடுக்க வந்தான், பக்கத்துல மட்டும் நில்லுப்பான்னுட்டு நானே இறங்குனேன். வீட்டுல அவங்க மஞ்சள், காப்பரிசி, காதோலை கருகமணி எல்லாம் வச்சி படைச்சாங்க, நான் ஈரப்படியில சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் இருந்தேன், அரை மணி நேரம் ஆயிருக்கும். எந்திரிக்கும்போது வலது முட்டியை ஊணி, இடது பாதத்தை முன்னாடி வச்சி, ஒரு கையை தொடையில அழுத்தி எந்திரிச்சிட்டேன். கை இல்லாம இன்னும் வரல. ஆனா யாரும் தூக்கல. அவன் பாத்துக்கிட்டே நின்னான், இந்த தடவை ஒண்ணும் சொல்லல.

ஒரு சந்தேகம் பிசியோ அம்மா. வீட்டுல அவங்களுக்கு 62, நாற்காலியில பத்து வருது, ஆனா ராத்திரி கெண்டைக்கால் பிடிச்சி இழுக்குதுங்கிறாங்க. பயிற்சியாலயா, நிறுத்தணுமா?


நாகை_பிசியோ · ஆகஸ்ட் 4

பதிமூணு! ரொம்ப சந்தோஷம் ஐயா. அடுத்தது கை இல்லாம, அவசரப்பட வேண்டாம், தை மாசம் வரைக்கும் எடுத்துக்குங்க.

அம்மா நிறுத்த வேண்டாம். குதிகால் தூக்குறதை ஒரு வாரத்துக்கு பாதியா குறைச்சி, படுக்கறதுக்கு முன்னாடி சுவத்துல கை ஊணி பின்னங்காலை நீட்டி முப்பது எண்ணி பிடிக்கச் சொல்லுங்க, ரெண்டு காலுக்கும் மூணு தடவை. அவங்களும் பிரஷர் மாத்திரை சாப்பிட்டா அதுல நீர் பிரியிற மாத்திரை இருக்கான்னு பாருங்க, இருந்தா உப்புச்சத்து குறைஞ்சும் இழுக்கும், ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துடலாம். ஒரு கால் மட்டும் வீங்கி, தொட்டா சூடா இருந்துச்சுன்னா மட்டும் காத்திருக்காம அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போயிடுங்க.